ப்ரோட்டோடைப்புக்கு ‘முன்மாதிரி’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ப்ரோட்டோடைப்புக்கு, அதாவது உற்பத்திக்கு முன் சோதித்துப் பார்க்கச் செய்யும் முதல் வடிவத்துக்கு, ‘முன்மாதிரி’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள், ஐயா. டக்ளஸ் எக்ஸ்பி-42 (XB-42) என்ற அமெரிக்கச் சோதனைக் குண்டுவீச்சு விமானத்தைப் பற்றித் தமிழில் எழுத உட்காரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். ‘முன்மாதிரி விமானம்’ என்று எழுதிப் படித்துப் பார்த்தால், அது ‘முன்மாதிரி கிராமம்’, ‘முன்மாதிரி ஆசிரியர்’ வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்றவர்கள் பார்த்துப் பின்பற்ற வேண்டியது என்ற பொருள். இந்த விமானத்துக்கோ பின்னால் வர ஒருவரும் இல்லை. இரண்டே இரண்டு பறந்தன, அவ்வளவுதான்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1943இல் டக்ளஸ் நிறுவனம் அமெரிக்க ராணுவ விமானப்படையிடம் கொண்டுபோன யோசனை இது. முதலில் தாக்குதல் விமான வரிசையில் எக்ஸ்ஏ-42 என்று பெயர். அப்புறம்தான் குண்டுவீச்சு வரிசைக்கு மாறியது. இறக்கையில் எஞ்சின் கிடையாது. இரண்டு ஆலிசன் எஞ்சின்களும் விமானி அறைக்குப் பின்னால், உடலுக்குள்ளேயே இருந்தன. அங்கிருந்து நீண்ட தண்டுகள் வால்வரை ஓடி, ஒன்றுக்கொன்று எதிராகச் சுழலும் இரண்டு விசிறிகளை (புரொப்பெல்லர்) இயக்கின. அதனால் இறக்கை வழவழவென்று சுத்தமாக இருந்தது, வேகமும் கிடைத்தது. 1945 டிசம்பரில் லாங் பீச்சிலிருந்து வாஷிங்டனுக்கு 5 மணி 17 நிமிடத்தில் பறந்துவிட்டது.

குதித்துத் தப்ப வேண்டிய விமானியை வால் விசிறி வெட்டிவிடக் கூடாதே! அதற்காக விசிறிகளையே வெடிவைத்துக் கழற்றிவிட ஏற்பாடு. இரு விமானிகளுக்கும் தவளைக் கண் போலத் தனித்தனிக் கண்ணாடிக் குமிழ்கள். பக்கத்தில் இருப்பவரோடு பேசக்கூடத் தலையைக் குனிய வேண்டும். இரண்டாவது விமானத்தில் இதை மாற்றினார்கள். இப்படித் தப்பும் திருத்தமுமாக இருப்பதுதானே ப்ரோட்டோடைப்? ‘முன்மாதிரி’யில் அந்தத் தடுமாற்றம் துளியும் தெரியவில்லை.

சரி, மாற்று என்ன? ‘வெள்ளோட்ட விமானம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெள்ளோட்டம் விட்ட தேர்தான் பிறகு சாமியை ஏற்றிக்கொண்டு வீதிக்கு வரும். இங்கே சோதிப்பது ஒன்று, படைக்குப் போவது வேறொன்று. தவிர, வெள்ளோட்டம் நிகழ்ச்சியின் பெயர், பொருளின் பெயர் அல்ல. அதை முதல் பறப்புக்கு வைத்துக்கொள்வோம்: ‘எக்ஸ்பி-42இன் வெள்ளோட்டம் 1944 மே 6 அன்று நடந்தது.’ காதுக்கு இதமாக இல்லையா?

‘முதலுரு’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் இலங்கைப் பாடநூல்களில் அது புரோட்டோபிளாசம், அதாவது செல்லுக்குள் இருக்கும் உயிர்ப்பொருள், என்று யாழ்ப்பாண நண்பர் சுட்டிக்காட்டினார். உயிரியல் படித்தவர் ‘முதலுரு விமானம்’ என்பதைப் பார்த்தால் சிரிப்பார். எனவே என் வாக்கு ‘முன்னுரு’வுக்கு. ‘உரு’ நம் வாயில் ஏற்கெனவே புழங்கும் சொல். ‘உருவாக்கு’ என்கிறோம், ‘உருப்படி’ என்கிறோம். மரத்தில் முழு அளவில் செய்து பார்க்கும் மாக்-அப்பை ‘ஒப்புரு’ எனலாம். ‘மாதிரி’ என்ற பாவப்பட்ட சொல்லை விட்டுவிடுவோம். சாம்பிள், மாடல், டைப், ‘அந்த மாதிரி இந்த மாதிரி’ என்று அது சுமப்பது போதும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சம். ஒப்பந்தப்படி பறக்க இரண்டு, தரையில் வைத்துப் பாரம் ஏற்றி வலிமை பார்க்க ஒன்று. இந்த மூன்றாவதை என்ன சொல்வது? பறக்காததால் முன்னுரு இல்லை, மரத்தால் செய்யாததால் ஒப்புருவும் இல்லை. ‘தாங்குரு’ என்று எழுதிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. பறக்கவே வேண்டாம் என்று செய்த அந்த உடலில்தான் பிறகு ஜெட் எஞ்சின்களைப் பொருத்தி, எக்ஸ்பி-43 என்ற பெயரில் 1946 மே மாதம் பறக்கவிட்டார்கள். அமெரிக்காவின் முதல் ஜெட் குண்டுவீச்சு விமானம் அதுதான். அதுவும் உற்பத்திக்குப் போகவில்லை.

இதற்குப் பொருத்தமான சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். அதுவரை கட்டுரையில் ‘வலுச்சோதனை உடல்’ என்றே விட்டிருக்கிறேன்.