காசல்ரீயில் வலசை வாத்து ஏன் இறங்குவதில்லை?

ஆற்றோரம்:
ஹட்டன் பக்கத்து நீர்த்தேக்கங்களான காசல்ரீ, மவுசாகலை இரண்டிலும் தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் டிசம்பரில் நீர்க்காகமும் கொக்கும்தான் கண்ணில் படுகின்றன. வலசை வாத்தும் இல்லை, கடற்காகமும் இல்லை. பிழை இடத்திலா, நேரத்திலா? ஹட்டனிலிருந்து எங்கே போகலாம்? கையில் 8க்கு 42 பைனாகுலர் மட்டும்தான்.

கானாங்கோழி:
இடத்தில்தான். ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தலையைக் கவிழ்த்து, வாலை மேலே நிறுத்தி, கழுத்து எட்டும் ஆழத்தில் விதையும் புழுவும் மேய்பவை. அரை மீற்றர் ஆழம்கூட அவற்றுக்கு அதிகம். நம் நீர்த்தேக்கங்களோ பள்ளத்தாக்கை மறித்து நிரப்பியவை. கரையிலிருந்து நாலு எட்டு வைத்தால் ஆழம். முங்கி மீன் பிடிக்கும் நீர்க்காகத்துக்குத்தான் அங்கே வேட்டை.

மலையிலேயே வலசைப் பறவை பார்க்க, தோட்டத்து ஆற்றுப் பாறைகளைக் கவனியுங்கள். பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டே நடப்பது உள்ளான். மஞ்சள் வயிறும் நீண்ட வாலுமாக ஓடுவது சாம்பல் வாலாட்டி.

தாம்போதி:
வாத்துக்கு மன்னார்தான். கண்டி, மதவாச்சி வழியாக இறங்குங்கள். 2010இல் ராம்சார் தளமான (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலமான) வங்காலைச் சரணாலயமும் மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியும் பக்கத்திலேயே. டிசம்பர் மழையில் எங்கும் தண்ணீர் நிற்பதால் கூட்டம் சிதறிக் கிடக்கும். ஜனவரி நடுவிலிருந்து நீர் வற்ற வற்ற ஒன்றுசேரும். இன்னொரு லாபம்: வந்த புதிதில் நீலச்சிறகி ஆணும் பெட்டை போலப் பழுப்பாகவே இருக்கும், பெப்ரவரிக்குள் ஆணின் வெள்ளைப் புருவம் தெளிந்துவிடும்.

விடியலில் நில்லுங்கள், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். ஒன்பது மணிக்குப் பிறகு கானல் எழுந்து, எந்தக் கண்ணாடியிலும் உருவம் நெளியும். வாகனத்தில் போனால் கதவைத் திறக்காதீர்கள். மனித உருவம் தெரிந்தால்தான் கூட்டம் கிளம்பும்.

ஆற்றோரம்:
நன்றி. கடற்காகத்தையும் பெரிய ஆலாவையும் எப்படிப் பிரிப்பது?

தாம்போதி:
ஆலா அலகைக் கீழ்நோக்கிப் பிடித்துப் பறந்து, தலைகீழாகப் பாயும். ஆலாக்களில் பெரியதான காஸ்பியன் ஆலாவானால் தடித்த சிவப்பு அலகு தூரத்திலேயே தெரியும். கடற்காகம் அப்படிப் பாயாது, நீர்மேல் கிடப்பதைக் கொத்தும்.

பழுப்புத்தலைக் கடற்காகத்தின் பெயரை நம்பித் தலையைத் தேடாதீர்கள். குளிர்காலத்தில் தலை வெள்ளை, கண்ணுக்குப் பின்னால் ஒரு கரும்புள்ளி மட்டுமே. வளர்ந்த பறவையானால் சிறகு நுனியைப் பாருங்கள்: கறுப்புக்குள் வெள்ளைப் பொட்டு. அதைவிடப் பெரிதாய், முதுகு கருஞ்சாம்பலாய், கால் மஞ்சளாய் இருந்தால் ஹியூக்லின் கடற்காகம். பழுப்புப் புள்ளி போட்ட குஞ்சுப் பருவத்தை முதல் வருடம் விட்டுவிடுங்கள், தேர்ந்தவர்களே அதில் தடுமாறுவார்கள்.