பொருள்: ‘நின்றுபிடிப்பு’ – சுழியோடிகளின் ரெகுலேற்றர் கையேட்டுக்கு ஒரு சொல்

(கல்லடியிலிருந்து)

குழுவினருக்கு வணக்கம்.

ரெகுலேற்றரின் (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்துச் சுழியோடிக்கு மூச்சுவிடத் தரும் கருவி) பராமரிப்புக் கையேட்டுக்குச் சொல் தேடும் வேலையில் மூன்றாம் அட்டவணையில் வந்து நிற்கிறேன். உலோக உறை, பிளாஸ்டிக் உறை என்று இரண்டு நிரல்கள். எது எவ்வளவு காலம் தாங்கும் என்பதற்கு ஒரு தலைப்பு வேண்டும். அக்கரைப்பற்று ஐயா ‘நீடித்துழைக்கும் திறன்’ என்று தந்திருந்தார். பிழையில்லாத சொல்தான். ஆனால் என்னிடம் பழுதுபார்க்க வரும் சுழியோடிகள் எவரும் அப்படிக் கேட்பதில்லை. “தம்பி, இது நின்றுபிடிக்குமா?” என்றுதான் கேட்கிறார்கள். தோணிக்கும் அதே சொல், வலைக்கும் அதே சொல், வாடிக்குப் போட்ட தகரத்துக்கும் அதே சொல். ஆகவே ‘நின்றுபிடிப்பு’ என்று முன்மொழிகிறேன்.

பொருளையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நிரப்பிய சிலிண்டரில் காற்று 200 பார் அளவு அழுத்தத்தில் இருக்கும் (கடல்மட்டத்துக் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 1 பார்). சிலிண்டர் வாயில் பூட்டும் முதற்படி, சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ 10 பார் கூடுதலான அளவுக்கு அதை இறக்கும். பல்லால் கவ்வும் இரண்டாம்படி மீதியையும் இறக்கி, மூச்சை இழுக்கும்போது மட்டும் காற்றை விடும். முதற்படியின் உடல் பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளை, அதில் விவாதம் இல்லை. உலோகமா பிளாஸ்டிக்கா என்ற கேள்வி இரண்டாம்படியின் உறையில்தான் எழுகிறது.

‘ஆழத்துக்குப் போனால் பிளாஸ்டிக் நசுங்கிவிடும்’ என்று நம்புகிறவர்கள் இங்கே இருக்கிறார்கள். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் நமது மட்டக்களப்புக் கடலில் ஏறத்தாழ 50 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே அழுத்தம் 6 பார் வரும். ஆனால் உறைக்குள் இருக்கும் காற்றும் அதே அழுத்தத்தில்தான் இருக்கிறது, அது எப்படி நசுங்கும்? உறையைக் கெடுப்பது பெரும்பாலும் படகில்தான் நடக்கிறது. வெயில், காய்ந்த உப்பு, அலை அடிக்கும்போது மேலே சரியும் சிலிண்டர்.

வாடைக்காற்று தொடங்கிக் கடல் கலங்கினால் என் மேசை நிறைந்துவிடும். போன முறை ஒரே நாளில் இரண்டு வந்தன. உலோக உறையில் பூச்சு கீறுபட்ட இடமெல்லாம் பச்சை பூத்து, முன்மூடி அசையவே இல்லை. தண்ணீர் கலந்த வினாகிரியில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தேன். அந்தப் பச்சைக் களிம்பு கரைந்து மூடி கழன்றது. இன்னும் பல வருடம் ஓடும். பிளாஸ்டிக் உறையோ கழுவியதும் புதிதுபோல இருந்தது. ஆனால் “ஒவ்வொரு மூச்சோடும் ஒரு துளி தண்ணி வருகுது” என்றார் கொண்டுவந்தவர். லாம்புக்கு நேரே பிடித்து மெல்லத் திருப்பினேன். குழாய் புகும் துளையின் விளிம்பில் தலைமுடி அளவு ஒரு கோடு. கண்ணைவிட நகத்துக்குத்தான் அது தெளிவாகத் தட்டுப்பட்டது. யாரோ நட்டை அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறார்கள். அதை ஒட்டி ஒப்பேற்ற முடியாது, உறையையே மாற்ற வேண்டும்.

ஒன்று கண்ணுக்குத் தெரியக் கெட்டு, மீண்டும் எழும்புகிறது. மற்றது சொல்லாமல் போய்விடுகிறது. அதனால் நின்றுபிடிப்பின் கீழே இரண்டு சொற்கள் வேண்டும். உலோகத்துக்குக் ‘களிம்பு’. செம்பிற் களிம்பு என்று சைவ வகுப்பில் படித்தவர்களுக்குப் பழகிய சொல். பிளாஸ்டிக்குக்கு ‘இறல்’ என்று வைக்கலாமா? வெயிலில் கிடந்த கயிற்றை இற்றுப்போச்சு என்கிறோமே, அதிலிருந்து எடுத்தேன்.

(அக்கரைப்பற்றிலிருந்து)

தம்பிக்கு,

‘நின்றுபிடிப்பு’ என் சொல்லைவிட நல்லது. ஒரு தயக்கம்தான். சுழியோடிக்குப் பிடிப்பு என்றால் காலில் வரும் தசைப்பிடிப்பு. கையேட்டில் இரண்டும் வரும். எப்போதும் ஒரே சொல்லாகச் சேர்த்தே எழுதுங்கள், பிரித்துவிடாதீர்கள்.

‘இறல்’ வேண்டாம். கடற்கரையில் அதை இறால் என்றுதான் வாசிப்பார்கள். உயிர்காக்கும் கருவியின் கையேட்டில் ‘இறத்தல்’ நினைவுக்கு வருவதும் நல்லதல்ல. அதைவிட முக்கியமானது, நீங்கள் சொன்ன உறை இற்றுப்போகவில்லை. வெயில் பட்டு உள்ளே உலர்ந்து உதிர்வதுதான் இற்றுப்போதல். இறுக்கியதால் வந்தது வெடிப்பு. முன்னதற்கு நிழல் மருந்து, பின்னதற்குக் கை அளவு மருந்து. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் வாசிப்பவர் உறையை நிழலில் வைத்துவிட்டு நட்டைத் தொடர்ந்து இறுக்கிக்கொண்டிருப்பார்.

(கல்லடியிலிருந்து)

ஐயா, சரி. அந்த வித்தியாசத்தை நான் கவனிக்கவில்லை. மேசையில் தினமும் பார்க்கிற எனக்கே இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது என்றால், பிரித்து எழுதத்தான் வேண்டும். தலைப்பு நின்றுபிடிப்பு, கீழே களிம்பு, இற்றுப்போதல், வெடிப்பு என்று மூன்று கட்டங்கள்.

பாசிக்குடாத் தங்கச்சி எதை வாங்குவது என்று கேட்டிருந்தார். குளிர்நாட்டு நீரில் உள்ளே பனி பிடிக்காமலிருக்க உலோகம் உதவும், அது சுற்றியுள்ள நீரின் சூட்டை உள்ளே கடத்தும். நமது கடலில் அந்தத் தேவை இல்லை. உலோகம் பாரம், நெடுநேரம் கவ்வினால் தாடை வலிக்கும். ஒவ்வொரு முறையும் நன்னீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்துவீர்கள் என்றால் பிளாஸ்டிக் உறையே போதும், தங்கச்சி.

அட்டவணையை நாளை திருத்தி அனுப்புகிறேன். வெடிப்புக் கட்டத்தில் ‘விளக்குக்கு நேரே பிடித்து, துளையின் விளிம்பை நகத்தால் தடவிப் பார்க்கவும்’ என்ற வரியும் இருக்கும்.