சித்தியின் படமும் தலைகீழ் விவகாரமும்

குழு: வீட்டு அரட்டை

சனிக்கிழமை

சித்தி: [படம்]

சித்தி: மூன்று வாரமாக இழுத்தடித்த படம், ஒருவழியாக முடித்துவிட்டேன். அக்ரிலிக், மூன்றுக்கு இரண்டு அடி கேன்வாஸ். என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். தலைப்பை அப்புறம் சொல்கிறேன்.

பெரியப்பா: அருமை. இரவு நேரத்து ஏரி. மேலே கருமையாக மலை, கீழே தண்ணீரில் நிலா வெளிச்சம். அந்த அமைதி அப்படியே வந்திருக்கிறதம்மா.

அம்மா: நீலம் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது. போன படத்தைவிட இது நன்றாக வந்திருக்கிறது.

மாமா: எனக்குப் படகு மாதிரி ஏதோ தெரிகிறது.

அண்ணன்: எனக்கு எக்ஸ்ரே.

சித்தி: எந்த எலும்பு என்பதையும் சொல்லிவிடு.

நான்: சித்தி, ஒரு சந்தேகம். உங்கள் கையெழுத்து எப்போதும் வலது கீழ் மூலையில்தானே இருக்கும்? இதில் இடது மேல் மூலையில், அதுவும் தலைகீழாக இருக்கிறதே?

சித்தி: ஐயையோ.

சித்தி: தரையில் படுக்கப்போட்டுத்தான் கடைசிப் பூச்சு கொடுத்தேன். தண்ணீராகக் கரைத்த வண்ணம், நிமிர்த்தி வைத்தால் வழிந்துவிடும். அப்படியே எதிர்ப்பக்கம் நின்று போட்டோ எடுத்திருக்கிறேன். இது மாடிப்படி. மேலே சன்னல் வெளிச்சம், கீழே இருட்டுக்குள் இறங்கும் படிகள்.

அண்ணன்: பெரியப்பாவின் ஏரி வற்றிவிட்டது.

மாமா: மலையும் போச்சு, நிலாவும் போச்சு 😂

பெரியப்பா: நான் பார்த்ததைச் சொன்னேன். அனுப்பியவர் சரியாக அனுப்பியிருக்க வேண்டும்.

சித்தி: அத்தான், நீங்கள் தனி ஆள் இல்லை. 1961இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் ஆன்றி மத்தீஸின் 'படகு' என்ற படத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள். 47 நாள் அப்படியே தொங்கியது. வந்த கூட்டத்தில் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் பங்குச் சந்தை வேலையில் இருந்த ஒரு பெண்மணிதான் கண்டுபிடித்தார். படகின் பாயும், தண்ணீரில் விழும் அதன் நிழலும்தான் படமே. பாயைவிட நிழலில் வேலைப்பாடு அதிகமாக இருக்குமா என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

பெரியப்பா: பார்த்தீர்களா.

நான்: மத்தீஸ் என்றால் காகிதத்தை வெட்டி ஒட்டுவாரே, அவர்தானே?

சித்தி: அவரேதான். 1941இல் பெரிய அறுவை சிகிச்சை. அதன் பிறகு நெடுநேரம் நின்று வரைய உடம்பு ஒத்துழைக்கவில்லை. உதவியாளர்கள் காகிதத்தில் குவாஷ் என்ற, நீரில் கரைக்கும் அடர்த்தியான வண்ணம் பூசிக் கொடுப்பார்கள், இவர் கத்தரிக்கோலால் வெட்டுவார், சுவரில் குத்திக் குத்தி இடம் மாற்றிப் பார்ப்பார்கள். எண்பது வயதைத் தாண்டியும் அப்படிச் செய்தார். கை வலிக்கிறது என்று நான் சோம்பி உட்காரும்போதெல்லாம் அவர்தான் ஞாபகத்துக்கு வருவார். வந்தாலும் சில நாள் சோம்பித்தான் இருக்கிறேன், அது வேறு.

மாமா: அக்கா, கோபித்துக்கொள்ளாதே. எப்படி மாட்டினாலும் யாருக்கும் தெரியவில்லை என்றால் அதில் என்ன கலை இருக்கிறது? நவீன ஓவியமே இப்படித்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.

சித்தி: கேள்டா, நியாயமான கேள்விதான். உனக்கு இன்னும் வசதியான கதை ஒன்று இருக்கிறது, அதையும் நானே தருகிறேன். டச்சு ஓவியர் மோன்ட்ரியன் 1941இல் 'நியூயார்க் சிட்டி 1' என்று ஒன்று செய்தார். வண்ண ஒட்டுநாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. கையெழுத்து கிடையாது. பல பத்தாண்டுகள் தலைகீழாகவே தொங்கியிருக்கிறது என்று 2022இல்தான் ஜெர்மனியில் சொன்னார்கள். அவருடைய ஸ்டூடியோவில் எடுத்த பழைய புகைப்படம் ஒன்றில் அது நேரெதிர் வாக்கில் இருந்தது.

அண்ணன்: திருப்பி மாட்டினார்களா?

சித்தி: இல்லை. ஒட்டுநாடா பழசாகிவிட்டது, திருப்பினால் கழன்று விழுந்துவிடும் என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

மாமா: நான் சொன்னதுதான். ஒரு வித்தியாசமும் இல்லை.

சித்தி: இருக்கிறது. போனைத் திருப்பாமல் அந்த மோன்ட்ரியன் படத்தை மட்டும் திருப்பிப் பார். அதில் கோடுகள் நெருக்கமாக இருக்கும் பக்கம் கீழே வந்தால் தரை மாதிரி கனமாக உட்கார்ந்துவிடும். அதே பக்கம் மேலே போனால் வானம் அடர்ந்து கீழே அமுக்குகிற மாதிரி இருக்கும். கோடு அதே கோடுதான், கனம் மாறிவிடுகிறது. நம் கண் கீழே இருப்பதைத் தரையாகவே எடுத்துக்கொள்ளும். அத்தானுக்கு மலை தெரிந்ததும் அதனால்தான்.

மாமா: ம். பார்த்தேன். கொஞ்சம் மாறுகிறது. கொஞ்சம்தான்.

அம்மா: அவன் இவ்வளவு ஒப்புக்கொண்டதே பெரிது.

சித்தி: எனக்கு ரொம்பப் பிடித்தது ஓவியர் காண்டின்ஸ்கியின் கதை. மியூனிக்கில் ஒரு மாலை வேலை முடித்துவிட்டு ஸ்டூடியோவுக்குள் வந்தாராம். உள்ளே ஒரு படம், உள்ளிருந்து எரிவது போல அவ்வளவு அழகு. என்ன வரைந்திருக்கிறது என்றே புரியவில்லை, வடிவமும் வண்ணமும் மட்டும். கிட்டே போனால் அவருடைய படமேதான், பக்கவாட்டில் சாய்த்து வைத்திருந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் அதே மாதிரி சாய்த்துப் பார்த்தார், அந்த அழகு பாதிதான் திரும்பியது. இன்னது மரம், இன்னது வீடு என்று தெரிந்துவிட்டது. பொருள்கள்தான் என் படங்களைக் கெடுக்கின்றன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

நான்: அதனால்தான் வேண்டுமென்றே தலைகீழாக வரைபவர்கள்கூட இருக்கிறார்களா?

சித்தி: ஜெர்மன் ஓவியர் கியோர்க் பாசெலிட்ஸ். 1969இல் ஒரு காட்டைத் தலைகீழாக வரைந்து ஆரம்பித்தார். வரைந்துவிட்டுத் திருப்புவது இல்லை, வரையும்போதே தலைகீழ்தான். எனக்கு அவருடைய எல்லாப் படமும் பிடிக்காது. ஆனால் அந்தப் பிடிவாதம் பிடிக்கும்.

சித்தி: சரி, இப்போது என் படத்துக்கு வருகிறேன். நீங்கள் எல்லாரும் ஏரி, படகு என்ற பிறகு நானும் தலைகீழாக வைத்து உட்கார்ந்து பார்த்தேன். மூன்று வாரமாக எங்கே உதைக்கிறது என்று புரியாமல் இருந்தது. இப்போது தெரிகிறது. அத்தான் மலை என்றாரே, அந்தக் கருப்பு ஒரே கட்டியாக இருக்கிறது. படியாகப் பார்க்கும்போது 'இருட்டுதானே' என்று மனசு சமாதானம் சொல்லிக்கொண்டது. மலையாகப் பார்த்தால் சமாதானம் இல்லை, உயிரில்லாமல் அப்பிய வண்ணம்.

அம்மா: இப்போது என்ன செய்யப்போகிறாய்? எல்லாவற்றையும் மறுபடி அழிக்காதே.

சித்தி: அக்ரிலிக் காய்ந்த பிறகு அழிக்க எங்கே முடியும்? மேலே மெல்லிசாக நீலம் கொடுத்து, கீழ்ப்படிகளில் இரண்டை மட்டும் இருட்டிலிருந்து தூக்கிக் காட்டப் பார்க்கிறேன்.

பெரியப்பா: மலையைத் தொடாதே என்று கேட்டுக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை

சித்தி: [படம்]

சித்தி: இந்தத் தடவை மேல்பக்கம் மேலேதான் இருக்கிறது. இரண்டு முறை சரிபார்த்தேன்.

நான்: சித்தி, இப்போது கீழே இறங்கவே தோன்றுகிறது. அந்த மூன்றாவது படி எங்கிருந்து வந்தது?

சித்தி: முன்பே இருந்தது, இருட்டுக்குள்.

மாமா: மாடிப்படி என்று இப்போது எனக்கே தெரிகிறது அக்கா. சுவரில் மாட்டலாம்.

அம்மா: பாட்டி குரல் பதிவு அனுப்பத் தெரியாமல் என்னிடம் சொல்லச் சொன்னார்: "முதலில் அனுப்பினாளே, அந்த ஏரி. அதை எனக்குக் கொடுக்கச் சொல்."

அண்ணன்: பெரியப்பா கட்சிக்கு இரண்டு ஓட்டு.

பெரியப்பா இந்தக் குழுவின் படத்தை மாற்றினார்

நான்: சித்தி, குழுவின் படத்தைப் பார்த்தீர்களா? பழைய படத்தை வைத்திருக்கிறார். அதே தலைகீழாக.

சித்தி: பார்த்தேன். இருக்கட்டும், 47 நாள் விட்டுப் பார்ப்போம்.