‘ப்ரோ’ ஆவதற்குப் ‘பெயரேற்றம்’ என்று வைப்போமா?

அன்பின் நண்பர்களுக்கு,

ஸ்கேட்போர்ட்காரர் ‘ப்ரோ’ (professional) ஆவதைத் தமிழில் ‘தொழில்முறை வீரராதல்’ எனலாம் என்று அக்கா நேற்று எழுதியிருந்தா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கிரிக்கெட்டுக்கு அது சரி. படிக்கட்டும் கைபிடிக் கம்பியும் தேடித் தெருவில் ஆடுகிறவர்களுக்கு அமெச்சூராக இருக்கும்போதே கம்பனி பலகை கொடுக்கும். சிலருக்குக் காசும் வரும். ஆனாலும் ப்ரோ இல்லை. பலகைக் கம்பனி அவருடைய பெயரைப் போட்டு ஒரு பலகையைக் கடைக்கு விடுகிற அன்றைக்குத்தான் ப்ரோ. அதற்குப் பிறகு, அவர் பெயரில் விற்கிற பலகைகளில் அவருக்கும் பங்கு. அமெரிக்க ஸ்கேட்போர்ட்காரி எலிசா ஸ்டீமருக்கு அது 1998 இல் நடந்தது. தெரு ஆட்டத்தில் அந்த இடத்துக்கு வந்த முதற் பெண்களில் அவரும் ஒருவர். பதக்கக் கணக்கு வேறு. தோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 இல், பெண்கள் தெருப் பிரிவுத் தங்கத்தை 13 வயது மொமிஜி நிஷியா வென்றார்.

கனடாவிலிருந்து வந்த என் மருமகன் ஒரு பழைய பலகையை இங்கே விட்டுப் போனான். ஏழு மெல்லிய மேப்பிள் தகடுகளை ஒட்டி அழுத்திய பலகை. மேலே மண்தாள் போலச் சொரசொரப்பு. கவிழ்த்துப் பார்த்தால்தான் ஆட்டக்காரரின் பெயர் தெரியும். அதிலும் நடு எழுத்துகள் இல்லை: சீமெந்து விளிம்புகளில் சறுக்கிச் சறுக்கித் தேய்ந்துவிட்டன.

அதைக் கையில் வைத்திருந்தபோதுதான் நம் கூத்துக் களரி நினைவுக்கு வந்தது. சட்டம் (ஆடுகிறவருக்குரிய பாட்டும் வசனமும்) கொடுத்து, சதங்கை அணிந்து, ஒத்திகையாக அடுக்குப் பார்த்து, கடைசியில் அரங்கேற்றம். ஆடத் தெரியும் என்று தானாகப் போய் அரங்கேற முடியாது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்ல வேண்டும். பலகையில் பெயரும் அப்படித்தான், இன்னொருவர் பார்த்துத் தருவது. ஆகவே ‘பெயரேற்றம்’ என்று வைப்போம். ‘1998 இல் அவருக்குப் பெயரேறியது’ என்று வினையாகவும் சொல்ல வருகிறது. பெயரேறியவர், பெயரேறாதவர் என்றால் ப்ரோவும் அமெச்சூரும் பிரிந்துவிடும்.

‘விலையேற்றம் போல ஒலிக்கிறதே’ என்று ஒரு தம்பி கேட்டார். மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் கொடியேற்றத்தை யாரும் விலையோடு குழப்புவதில்லையே, தம்பி.

இன்னொன்று. ‘சறுக்குப் பலகை’ என்ற சொல்லை விட்டுவிடுவோம். அது சில்லில் உருள்கிறது. பலகையின் வயிற்றைக் கம்பியில் வைத்து இழுபட்டுப் போவதுதான் உண்மையான சறுக்கு. அந்த வித்தைக்கு அந்தச் சொல் தேவை. பலகைக்கு ‘உருள்பலகை’ போதும்.

பொத்துவில், அறுகம்பை பக்கம் இருக்கிறவர்கள் அங்கே பலகையில் ஏறி அலையில் ஆடும் பொடியன்மாரிடம் ‘பெயரேற்றம்’, ‘உருள்பலகை’ இரண்டையும் சொல்லிப் பார்த்து, அவர்கள் வாயில் எது நிற்கிறது என்று எழுதுங்கள். அவர்கள் வேறு சொல் வைத்திருந்தால் என்னுடையதை நான் விட்டுக்கொடுக்கிறேன்.