புதுப்பிப்பு: பவளங்கள் இறந்ததற்கான காரணம்

எங்கள் வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் அக்ரோபோரா பவளங்கள் அடியிலிருந்து திசு உரிந்து வெள்ளைக் கூடாகி வருவதையும், உப்புச் செறிவு 35 பிபிடி, காரத்தன்மை 8 டிகேஎச், கால்சியம் 420 பிபிஎம் என அளவுகள் சரியாகவே இருப்பதையும் முன்பு எழுதியிருந்தேன். நத்தைகளும் கண்ணாடியில் பிடி நழுவி விழத் தொடங்கியதால், நீரில் கரைந்துள்ள உலோகங்களை அளக்கும் ஐசிபி பரிசோதனைக்காக நீரை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். செம்பும் நிக்கலும் மிகுந்திருந்தன. தொட்டி நீரில் அலை எழுப்பும் பம்பைக் கழற்றியபோது, அதிலுள்ள காந்தத்தை மூடியிருந்த எபாக்சிப் (பிசின்) பூச்சில் மெல்லிய விரிசலும் அதன் வழியே கசிந்த பழுப்புத் துருவும் தெரிந்தன. இதைப் போன்ற நியோடிமியம் காந்தங்களுக்கு இவ்விரு உலோகங்களாலும் முலாம் பூசுவது வழக்கம்; மீன்கள் தாங்கும் செம்பைப் பவளங்கள் தாங்குவதில்லை. பம்பை அகற்றி, கார்பனும் உலோகத்தை உறிஞ்சும் பிசினும் இட்டு, நீரைச் சிறிது சிறிதாக மாற்றி வருகிறேன். ஸ்டைலோபோரா என்ற மற்றொரு பவளத்தில் பாலிப்புகள் (பவளத்தின் சிறு உயிரிகள்) மீண்டும் விரிகின்றன. அடி வெளுத்த அக்ரோபோராக்கள் பிழைக்குமென்று இன்னும் நம்பிக்கை வரவில்லை.