சம்ப், ரெஃபியூஜியம் கட்டியபோது எங்கே சறுக்கினீர்கள்? என் அனுபவமும் உங்களுடையதும்

பவளத் தொட்டிக்குக் கீழே சம்ப், அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்து திருப்பி அனுப்பும் துணைத் தொட்டி, வைக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது எந்தப் பம்பு, எந்த ஸ்கிம்மர் (கழிவை நுரையாகப் பிரிக்கும் கருவி) என்றுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பம்பு நின்றால் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கவே இல்லை. நாலாவது மாதம் ஒரு நாள் இரவில் கரண்ட் போனது. காலையில் எழுந்து கால் வைத்தால் தரையெல்லாம் உப்புத் தண்ணீர்.

கணக்கை அதற்கு அப்புறம்தான் போட்டேன். மேல் தொட்டி 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம். அதில் ஒரு செ.மீ. மட்டம் இறங்கினால் 7.2 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு 7 செ.மீ. கீழே இருந்தது. பம்பு நின்றதும் அந்தக் குழாயே சைஃபனாக மாறி, வாயில் காற்று ஏறும் வரை தண்ணீரைக் கீழே இழுத்திருக்கிறது. கிட்டத்தட்ட 50 லிட்டர். என் சம்ப் 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். தடுப்புக் கண்ணாடிகளை 38 செ.மீ. உயரத்துக்கு ஒட்டியிருந்தேன். அதற்கு மேல் மிஞ்சிய இடத்தையும் ரிட்டர்ன் அறையில் இருந்த காலி இடத்தையும் சேர்த்தால் 35 லிட்டர்தான் தாங்கும். மீதி 15 லிட்டர் தரையில்.

சைஃபன் அறுபடுவதற்காகக் குழாயில் ஒரு சின்னத் துளை போட்டுத்தான் வைத்திருந்தேன். அதில் ஒரு குட்டி நத்தை வந்து உட்கார்ந்திருந்தது. திருப்பி ஓடாமல் தடுக்கும் வால்வு போடலாமே என்று சிலர் சொன்னார்கள். அதிலும் மணலோ சுண்ணாம்புப் படிவோ சிக்கினால் முழுதாக மூடாது. துளையும் வால்வும் இருக்கட்டும், ஆனால் அவை இரண்டுமே வேலை செய்யவில்லை என்று வைத்துக்கொண்டுதான் சம்பின் அளவைக் கணக்கிட வேண்டும். இப்போது என் குழாய் வாய் 2 செ.மீ. ஆழத்தில்தான் இருக்கிறது. தடுப்புகளைப் பெயர்த்து 25 செ.மீ. உயரத்துக்கு மாற்றி ஒட்டினேன். மேலே 80 லிட்டருக்கு இடம் இருக்கிறது. மாதம் ஒரு முறை நானே பம்பை நிறுத்தி, மட்டம் எதுவரை ஏறுகிறது என்று பார்க்கிறேன்.

சம்பைப் பிரித்த அந்தச் சமயத்தில்தான் ரெஃபியூஜியமும், அதாவது பாசி வளர்க்கும் தனி அறையும், வந்தது. இடது ஓரம் ஸ்கிம்மர், வலது ஓரம் ரெஃபியூஜியம், நடுவில் ரிட்டர்ன் பம்பு. மேலிருந்து வரும் குழாயை இரண்டாகப் பிரித்து, பாசி அறைக்குப் போகும் கிளையில் ஒரு வால்வு வைத்தேன். பெரும்பகுதித் தண்ணீர் ஸ்கிம்மருக்குப் போகும், இந்தப் பக்கம் மெதுவாக வரும். எல்லாத் தண்ணீரும் ஒவ்வொரு அறையாகக் கடந்து போகும் அமைப்பைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. பாசி அறையை மட்டும் தனியாக நிறுத்திச் சுத்தம் செய்யலாம்.

போட்டது கீட்டோ பாசி. மேல் தொட்டியில் விளக்கு அணைந்ததும் இங்கே எரியும். இரவில் தொட்டியில் உள்ள உயிர்கள் மூச்சு விட்டுக் கரியமில வாயு சேர்வதால் பிஎச் இறங்கும். அந்த நேரத்தில் பாசி அதை எடுத்துக்கொள்கிறது. முன்பு விடிகாலையில் 7.8 காட்டியது, பிறகு 8.0க்குக் கீழே போகவில்லை.

ஆனால் பாசி வளர்வதைப் பார்த்த மகிழ்ச்சியில் 16 மணி நேரம் விளக்கு போட்டுவிட்டேன். மூன்று மாதத்தில் பாசி உறிஞ்சியதில் நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே சோதனையில் பூஜ்யம். எவ்வளவு சுத்தமான தண்ணீர் என்று சந்தோஷப்பட்டேன். பவளங்கள் வெளிறின. மணல் மேல் பழுப்பு நிறத்தில், குமிழிகளோடு, கோழை மாதிரி ஒன்று படர்ந்தது. டைனோஃப்ளாஜெலேட் என்ற நுண்ணுயிர். சத்தில்லாத தண்ணீரில் மற்ற நுண்ணுயிர்கள் மெலிந்துபோக, இது இடத்தைப் பிடித்துக்கொண்டது. விளக்கை 8 மணி நேரமாகக் குறைத்து, மீனுக்குத் தீனியைக் கூட்டினேன். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.05 பக்கம் வந்து நின்ற பிறகுதான் அது மெல்ல ஒழிந்தது. இரண்டு மாதம் ஆனது. ஒரு அக்ரோபோரா பவளம் போய்விட்டது. மூன்று வருடம் வளர்த்தது, இன்னும் அந்த இடத்தைப் பார்த்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

மறுமொழி

நான் கீட்டோவுக்குப் பதில் காலர்பா என்ற கொடிப் பாசி வைத்தேன், பார்க்க அழகாக இருந்ததால். ஒரு காலை சம்ப் முழுக்கப் பச்சை கலந்த பால் மாதிரி இருந்தது. கொடிகள் கண்ணாடிபோல நிறமற்றுக் கிடந்தன. அது இனப்பெருக்கத்துக்காகத் தன் உடலையே கரைத்து வெளியே விட்டிருக்கிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. உடனே காற்றுக்கல் போட்டு, கார்பன் மாற்றி, பாதித் தண்ணீரை மாற்றியதால் பிழைத்தன.

இன்னொன்று, வெட்டிய காலர்பாவைத் தயவுசெய்து கடலிலோ கால்வாயிலோ போடாதீர்கள். 1984இல் மொனாக்கோ கடலோரத்தில் முதலில் கண்ட காலர்பா டாக்ஸிஃபோலியா மத்தியதரைக் கடலில் எப்படிப் பரவியது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் காயவைத்துக் குப்பையில் போடுகிறேன்.

மறுமொழி

எனக்கு ரெஃபியூஜியம் மாண்டரின் மீனுக்காக. அது நாள் முழுக்க, பாசியில் பெருகும் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரிகளைக் கொத்திக்கொண்டே இருக்கும், உறைந்த தீனியைப் பெரும்பாலும் தொடாது. முதல் முறை அவசரப்பட்டு, பாசி போட்ட மூன்றாவது வாரமே மீனை விட்டேன். வயிறு ஒட்டி இறந்தது. இரண்டாவது முறை எட்டு மாதம் காத்திருந்தேன். இரவில் டார்ச் அடித்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளிகள் ஓடின. அந்த மீன் இன்றும் நன்றாக இருக்கிறது.

பாசித் துணுக்குகள் ரிட்டர்ன் பம்பில் சிக்குமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?

மறுமொழி (முதல் பதிவர்)

நடு அறைக்கு முந்தைய தடுப்பின் மேல் பல்வரிசைபோல் வெட்டிய கண்ணாடி வைத்திருக்கிறேன். வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். பாசியை வெட்டும்போது மட்டும் சம்புக்குள்ளேயே பிய்க்காமல், மொத்தமாக வாளியில் எடுத்து, தொட்டித் தண்ணீரிலேயே அலசி, மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திரும்ப வைக்கிறேன். அப்போதும் அலசிய தண்ணீரைக் கொட்ட மாட்டேன். மெல்லிய வலையில் வடித்து, அதில் நிற்கும் கோப்பிபாடுகளை மேல் தொட்டியில் விடுவேன். விளக்கு அணைந்த பிறகு விட்டால் பாதியாவது பாறை இடுக்குக்குள் போய்ச் சேரும்.