ஏரிக்கரையில் ராக்காவல் இருந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

மேட்டுத்தெருக்காரன்:

2021 நவம்பர் என்றாலே எல்லாரும் பாலாற்றைத்தான் சொல்கிறார்கள். வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனது, பாலங்கள் மூடியது, எல்லாம் சரி. எங்கள் ஊர் குடியாத்தத்துக்குப் பக்கம். மோர்தானா அணை வழிந்து கவுண்டன்ய மகாநதி ஊருக்குள் புகுந்ததை டவுன்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். எங்களைத் தூங்கவிடாமல் செய்தது ஆறு இல்லை, ஊருக்கு மேலண்டை இருக்கிற ஏரி.

ஏரி நிரம்பிக் கோடி போக (அதாவது வழிய) ஆரம்பித்தபோது ஊரே சந்தோஷமாகத்தான் இருந்தது, கலங்கலுக்கு, அதாவது மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கல்கட்டுக்கு, பூஜை எல்லாம் போட்டார்கள். பிரச்சினை என்னவென்றால், தண்ணீர் வீணாகப் போகிறதே என்று ஆயக்கட்டுக்காரர்கள் (ஏரித் தண்ணீரில் பயிர் வைக்கிறவர்கள்) சிலர் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கி ஓரடி கூடுதலாகத் தேக்கிவிட்டிருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான், யாரும் கேட்பதில்லை. அன்றைக்கு ஆந்திரா பக்கம் மலையில் விடாமல் மழை. பொழுது சாய்ந்த பிறகு கரையைப் பார்க்கப் போனால், டிராக்டர் ஏறி இறங்கித் தேய்ந்துபோன இடத்தில் கரையின் தலைக்கும் தண்ணீருக்கும் ஒரு சாண்கூட இல்லை.

அங்கே ஆரம்பித்தது சண்டை. அந்தப் பள்ளத்தில் மூட்டை போட்டு உயர்த்தலாம் என்று ஒரு பக்கம், கலங்கல் மூட்டையை எடுக்கவே கூடாது என்று இன்னொரு பக்கம். எங்கள் ஊரில் மதகு திறந்து மூடுவது பரம்பரையாக ஒரு குடும்பம், அந்தத் தாத்தாவைக் கூட்டிக்கொண்டு வந்தோம். அவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "கோடிய அடைச்சு வச்சிக்கினு கரைய ஒசத்துறீங்களே, தண்ணி எங்கடா போவும்?"

எடுப்பதும் சுலபமில்லை. நடுவில் இருக்கிற மூட்டையை உருவினால் தண்ணீர் ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். இடுப்பில் கயிறு கட்டி, ஓரத்திலிருந்து, மேல் வரிசையாக எடுத்துக்கொண்டே வந்தோம். அதற்கு முன்னாலேயே கீழ் ஊருக்குப் போன் போட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று தாத்தா பிடிவாதமாக நின்றார், ஏனென்றால் எங்கள் கோடி தண்ணீர் நேராகப் போய் விழுவது அவர்கள் ஏரியில்.

அப்புறம்தான் பெரிய பயம். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில், எப்போதோ வெட்டிய ஒரு பனைமரத்தின் வேர்க்கட்டை பக்கத்தில், தண்ணீர் கொப்பளித்துக்கொண்டு வந்தது. நாங்கள் களிமண் வைத்து அடைக்கப் போனோம். தாத்தா தடுத்து, ஒரு எவர்சில்வர் டம்ளரில் அந்தத் தண்ணீரைப் பிடித்து டார்ச் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தார். அடியில் மண் படிந்தது. "மண்ண துன்னுது"ன்னு சொல்லிவிட்டு, வாயை அடைக்காமல் சுற்றிலும் மூட்டையை வட்டமாக அடுக்கச் சொன்னார், கிணற்று உறை மாதிரி. உள்ளே தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஏறியதும் கொப்பளிப்பு அடங்கியது. மணல், அதன் மேல் ஜல்லி, அதன் மேல் கருங்கல் கொட்டினோம். விடியும்போது தண்ணீர் கசிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் தெளிவாக வந்தது.

இதே மாதிரி யாராவது பார்த்திருக்கிறீர்களா? வட்டம் கட்டினால் ஏன் நிற்கிறது என்று எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை.

மதகடி (ரிட்டயர்டு இன்ஜினியர்):

தம்பி, உங்கள் தாத்தா செய்தது சரி. ஏரியில் நிற்கும் தண்ணீருக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வித்தியாசம்தான் அந்தக் கசிவைத் தள்ளுகிறது. வட்டத்துக்குள் தண்ணீர் ஏற ஏற அந்த வித்தியாசம் குறைகிறது, ஓட்டம் மெதுவாகிறது, மண்ணை இழுக்கிற பலம் போய்விடுகிறது. மணல் ஜல்லி கல் என்று வரிசையாகப் போட்டது வடிகட்டி, தண்ணீரை விடும், மண்ணை விடாது. வெளிப்பக்கத்தில் களிமண் வைத்து அடைத்திருந்தால் உள்ளே வந்த தண்ணீர் நாலடி தள்ளி வேறு இடத்தில் பிய்த்துக்கொண்டு வந்திருக்கும். அடைக்க வேண்டுமென்றால் ஏரியின் உள்பக்கம்தான் அடைக்க வேண்டும். அங்கே தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்குவது தெரிந்தால் வைக்கோலும் களிமண்ணும் சேர்த்துத் திணிக்கலாம், மேலே தார்ப்பாய் விரித்து மூட்டையால் அழுத்தலாம். ராத்திரியில் சுழி கண்ணுக்குத் தெரியாது, அதுதான் கஷ்டம்.

மண்கரை உடைவது பெரும்பாலும் இரண்டு வழியில். ஒன்று தலைக்கு மேல் வழிவது, வெளிப்பக்கச் சரிவை அரித்துக்கொண்டே பின்னால் வரும், ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. இன்னொன்று நீங்கள் பார்த்தது, உள்ளுக்குள்ளேயே குழாய் மாதிரி ஓட்டை விழுவது. நண்டு வளை, எலி வளை, மட்கின வேர், பழைய மதகுச் சுவர் ஓரம், இதெல்லாம் அதற்கு வாசல். கரை மேல் சீமைக்கருவேலம் அடர்ந்தால் மண்ணைப் பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். உயிரோடு இருக்கிற வரை சரி, வெட்டிவிட்டு வேரை மண்ணுக்குள் விட்டால் சில வருஷத்தில் அது ஒரு பொந்து. மரமாக வளரவிடாமல் கன்று பருவத்திலேயே பிடுங்க வேண்டும், கரைக்குப் புல்தான் நல்லது.

கலங்கல் பற்றி ஒன்று. பழைய கலங்கல்களில் வரிசையாகக் கல் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு இல்லை. மழைக்காலம் முடிகிற நேரத்தில் அந்தக் கற்களுக்கு நடுவில் புல்கட்டியும் மண்ணும் வைத்து ஓரடி, இரண்டடி கூடுதலாகத் தேக்குவதற்கு. அதாவது கூடுதலாகத் தேக்குவதையே நம் ஆட்கள் தப்பு என்று சொல்லவில்லை. வெள்ளம் வடிந்த பிறகு கடைசித் தண்ணீரைப் பிடித்துவைக்கிற வேலை அது. ஐப்பசியில் செய்தால் கரையைப் பணயம் வைக்கிறீர்கள்.

இன்னொன்று, பாலாறு அணைக்கட்டு கட்டி முடித்த அதே 1858இல் மதராஸ் மாகாணத்தில் ஒரு சட்டமும் வந்தது. ஏரிக்கரை உடைகிற ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் வந்து வேலை செய்தே ஆக வேண்டும், வராவிட்டால் அபராதம் என்று. கட்டாய வேலை என்பதால் அதற்குக் கெட்ட பேர் உண்டு. அதே நேரம், அந்த ராத்திரிக்கு மனுஷன் வேண்டும் என்பது வெள்ளைக்காரனுக்கே தெரிந்திருக்கிறது.

உள்வாய்க்காரன்:

எல்லாரும் கரைக்கு அந்தப் பக்கம் நின்றே பேசுகிறீர்கள், கொஞ்சம் இந்தப் பக்கமும் பாருங்கள். எங்கள் பட்டா நிலம் ஏரியின் நீர்ப்பிடிப்பை ஒட்டி இருக்கிறது (ஆக்கிரமிப்பு இல்லை, பத்திரம் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்). கலங்கலில் ஓரடி மூட்டை வைத்தால் கரையில் ஓரடிதான், ஆனால் தரை சமமாக இருப்பதால் எங்கள் பக்கம் அது அரை மைல் பின்னால் வந்து நிற்கும். வேர்க்கடலை பிடுங்குகிற சமயம், அப்படியே அழுகிவிடும். அதனால்தான் எங்கள் ஆட்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போய் கலங்கலை உடைக்கிறார்கள். அது நியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வழக்கு எவ்வளவு பழசு என்று உங்கள் தாத்தாவைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழி செய்தோம். கலங்கல் சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. தை பிறக்கிற வரை அந்தக் கோட்டுக்கு மேல் யாரும் எதுவும் வைக்கக் கூடாது, பிறந்தபிறகு இரு பக்கத்து ஆளும் சேர்ந்து நின்று மண் வைக்கலாம். சண்டை நின்றுவிடவில்லை, கோட்டைப் பற்றிச் சண்டை போடுகிறோம். இருந்தாலும் கலங்கலை உடைப்பது நின்றுவிட்டது.

வாணியம்பாடி பேரன்:

இன்ஜினியர் ஐயா, எங்கள் வீட்டுப் பெரியவர்கள் 1903 வெள்ளத்தைக் கதையாகச் சொல்வார்கள். மைசூர் பக்கம் பாலாற்றின் மேலே ஏரிகள் உடைந்து அந்தத் தண்ணீர் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனது. இங்கே பெய்த மழை இல்லை, அங்கே உடைந்த கரை. ஒரு ஏரி உடைந்தால் அடுத்த ஏரிக்கு வருவது கோடி தண்ணீர் இல்லை, மொத்த ஏரியும் ஒரேயடியாக. அதனால்தான் கீழ் ஊருக்குப் போன் போட்டீர்களே, அந்த இடத்தைப் படிக்கும்போது உங்கள் தாத்தாவைக் கும்பிட்டேன்.

கீழ் ஊர்க்காரன்:

ராணிப்பேட்டை பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுக்குக் கரை பிரச்சினை இல்லை, கால்வாய்தான். கோடி தண்ணீர் போகிற ஓடையின் நடுவில் பிளாட் போட்டு, அதற்குப் பாதை வேண்டுமென்று ஒரே ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்துச் சாலை போட்டுவிட்டார்கள். மனு கொடுத்தோம், வந்து அளந்துகொண்டு போனார்கள், அவ்வளவுதான். 2021இல் தண்ணீர் அந்தச் சாலையில் முட்டித் திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்தது. இப்போது புரட்டாசி பிறந்ததும் நாங்களே ஜேசிபி வாடகை போட்டு ஓடையைத் தூர் எடுக்கிறோம், குழாயின் வாயில் சிக்கின பிளாஸ்டிக், தெர்மாகோல், பழைய மெத்தை எல்லாம் வரும். வீட்டுக்கு இருநூறு ரூபாய் கேட்டால் அந்த பிளாட்காரர்கள்தான் கடைசியில் கொடுக்கிறார்கள்.

மேட்டுத்தெருக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. உள்வாய் அண்ணா, அந்தச் சிவப்புக் கோட்டு யோசனையை எங்கள் ஊரில் சொல்லப்போகிறேன், அடிக்க வருவார்கள், பார்க்கலாம்.

மூட்டை பற்றி இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கு: பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் நிரப்புங்கள். முழுக்க நிரப்பி இறுக்கிக் கட்டினால் உருண்டையாக நின்று நடுவில் சந்து விழும். வாயை மடித்து அடியில் வைத்து, செங்கல் அடுக்குகிற மாதிரி சந்து மாற்றி அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் காலால் மிதிக்க வேண்டும். யூரியா சாக்கு சும்மா கிடைக்கும், ஆனால் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும், கோணி கிடைத்தால் அதுவே மேல். முக்கியமாக, மூட்டைக்கு மண்ணைக் கரையின் அடிவாரத்திலேயே தோண்டாதீர்கள். அன்றைக்கு எங்கள் பையன்கள் இரண்டு பேர் மண்வெட்டியோடு அங்கேதான் ஆரம்பித்தார்கள், தாத்தா கெட்ட வார்த்தை பேசி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

ஐயா, ஒரு சந்தேகம். அந்த டிராக்டர் பள்ளத்தை இந்தக் கோடையில் மண் கொட்டி மேடாக்கினோம். ரோலர் கிடைக்கவில்லை, டிராக்டரையே முன்னும் பின்னும் ஓட்டினோம். அது போதுமா, இல்லை மறுபடி தண்ணீர் தெளித்து ஏற்ற வேண்டுமா?

மதகடி (ரிட்டயர்டு இன்ஜினியர்):

ஒரே கொட்டலாகக் கொட்டியிருந்தால் போதாது. ஒரு சாண் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, ஈரமாக்கி, மிதித்து, அதற்கு மேல் அடுத்தது. பழைய கரையைக் கொத்திவிட்டுத்தானே புது மண் போட்டீர்கள்? கொத்தவில்லை என்றால் இரண்டும் ஒட்டாது, அந்தச் சந்தில்தான் தண்ணீர் நுழையும். ஒரு போட்டோ போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.